பூஜையில் இருந்த செயின் செட்

என் பெயர் அம்சவேணி, வயது 31, கணவர் பெயர் பெரியண்ணன், புதுதில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசு குடியிருப்பில் வசிக்கிறேன், வேலைக்குப் போகவில்லை. என் கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறார். இறந்துபோன சாந்தகுமாரி என் கூடப்பிறந்த தங்கை. காவலில் இருக்கும் கௌதமன் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் குடியிருப்பவர், ஜங்புராவில் மரத்தடியில் பைக் பழுது பார்ப்பவர். அவர் எங்களுக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. வண்டியை ஓட்டலாம் என்று அவர் சொன்னதாக என் கணவர் எழுதிக் கொடுத்திருப்பது பொய். அதைச் சொல்லத்தான், யாரும் தூண்டாமல், நானாக நடுவர் அவர்கள் முன் வந்திருக்கிறேன்.

இந்த 1998ஆம் வருடம் கோடையிலிருந்தே எங்கள் பைக்கில் செயின் கவருக்குள் கடகடவென்று சத்தம் வந்தது. கிளம்பும்போது வண்டி ஒரு வெட்டு வெட்டும். பின்னால் உட்கார்ந்து போகிறவளுக்கு அது இடுப்பில் தெரியும், முன்னால் இருப்பவருக்குத் தெரியாதாம். நான் சொன்னபோதெல்லாம் என் கணவர் கவரில் உள்ள ரப்பர் மூடியைத் திறந்து பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவார். சத்தம் அடங்கும், அவரும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார், நாலைந்து நாளில் மறுபடியும் ஆரம்பிக்கும்.

அதன் பிறகு, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியம், தசராவுக்கு ராசிபுரத்திலிருந்து வந்திருந்த என் தங்கையை வீட்டில் விட்டுவிட்டு, நானும் கணவரும் கௌதமன் கடைக்குப் போனோம். கௌதமன் கவரைக் கழற்றி, பின்சக்கரத்துப் பல்சக்கரத்தின் மேல் இருந்த செயினை விரலால் பின்பக்கம் இழுத்துக் காட்டினார். பாதிப் பல் வெளியே தெரியும் அளவுக்குச் செயின் தூக்கிக்கொண்டு வந்தது. பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கொக்கிபோல் இருந்தன. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் செயின் ஓர் இடத்தில் தொங்கியது, இன்னோர் இடத்தில் விறைத்தது. அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், நானும் தொட்டுப் பார்த்தேன். எண்ணெயும் தில்லித் தூசியும் சேர்ந்து அரம் மாதிரி ராவியிருக்கிறது என்றார். என் கணவர் சற்று இழுத்து டைட் வைத்துக் கொடுத்தால் போதும் என்றார். அதற்கு கௌதமன், "சார், இழுக்குற இடமெல்லாம் இழுத்தாச்சு. இதுக்கு மேல டைட் வச்சா விறைப்பா இருக்குற இடத்துல அறுந்துடும், விட்டா தொங்குற இடத்துல கழண்டுக்கும். செயினும் ரெண்டு பல்சக்கரமும் சேர்த்து மாத்தணும்" என்றார்.

உடனே பக்கத்துக் கடையில் செயின் செட் வாங்கினோம். கௌதமன் அப்போதே மாட்டித் தருகிறேன் என்றார், ஸ்பேனரையும் கையில் எடுத்துவிட்டார். என் கணவர்தான் வேண்டாம் என்றார். புதுச் சாமானை முதலில் பூஜையில் வைக்க வேண்டும், விஜயதசமியன்று நல்ல நேரத்தில் மாட்டினால் நிலைக்கும் என்றார். அப்படியானால் வண்டியை இங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள் என்று கௌதமன் சொன்னார். வண்டி இல்லாமல் என்ன ஆயுத பூஜை என்று என் கணவர் கேட்டார். கௌதமன் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. தள்ளிக்கிட்டாவது போங்க, ஓட்டாதீங்க" என்றார். நான் சொன்னேன். என் கணவர் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு, பிறகு மெதுவாக ஓட்டித்தான் வந்தார். நான் பஸ்ஸில் வந்தேன்.

மறுநாள் வண்டியைக் கழுவி மாலை போட்டு, செயின் செட்டை அட்டைப் பெட்டியோடு சந்தனம் குங்குமம் வைத்து, வீட்டு ஸ்பேனர்களோடு சாமி முன்னால் வைத்தோம். தில்லியில் மற்ற மெக்கானிக்குகள் எல்லோரும் அன்று கடை திறந்துதான் இருந்தார்கள். எங்கள் வீட்டில்தான் பூஜை பிரிக்கும்வரை சாமி முன்னால் வைத்த எதையும் தொடக்கூடாது. அதன் பிறகு சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். நசுக்கியதும் வாசலோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு ரவுண்டு போய் வர வேண்டும், சாந்தி நீயும் ஏறு என்றார். என் தங்கை என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன். "சாமி கும்பிட்ட வண்டிக்கு என்னடி ஆவும்? அபசகுனமாப் பேசாதே" என்று பூஜைக்கு வந்திருந்த அக்கம்பக்கத்தார் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அவர் முகம் வாடக்கூடாதென்று அவள், "ஒரு ரவுண்டுதானக்கா, மாமாகூட போயிட்டு வந்துடறேன்" என்று ஏறிக்கொண்டாள்.

ரிங் ரோட்டில் திரும்பும்போது செயின் கழன்று பல்சக்கரத்தில் சிக்கி, பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். என் கணவருக்கு மணிக்கட்டில் முறிவு. என் தங்கை தலை டிவைடரில் மோதி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டாள். அவளுக்கு வயது 22.

அதன் பிறகு என் கணவர் செயின் செட்டைப் பரண்மேல் ஒளித்து வைத்தார். கௌதமன் பார்த்துவிட்டு இரண்டு நாள் தாங்கும் என்று சொன்னதாக நானும் சொல்ல வேண்டும் என்றார். "போனவ போயிட்டா. வேலையும் போயி நானும் உள்ள போகணுமா?" என்று கேட்டார். பெட்டியை இன்று இங்கே ஒப்படைத்திருக்கிறேன். அவரைத் தண்டிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்காமல் இருக்கவும் மனம் ஒப்பவில்லை. ஓட்டாதே என்று முதலில் சொன்ன ஆளே கௌதமன்தான், அவரை விட்டுவிட வேண்டும்.

எனக்கு இந்தி நன்றாகவே வரும். தமிழில் எழுதிக்கொள்ளும்படி நான்தான் கேட்டேன். ஊரில் என் அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். நேற்றும் போனில், "மாப்பிள்ளைய ஒண்ணும் சொல்லாதம்மா, அவரு என்ன பண்ணுவாரு பாவம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். என் வாயால் அவரிடம் சொல்ல முடியவில்லை. இதன் நகல் ஒன்றை அவருக்குக் கொடுக்க அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் சந்திரமௌலி இதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அனைத்தும் உண்மை, இதில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

(ஒப்பம்)
பெ. அம்சவேணி