அய்யாசாமி மீன் பிடித்த காலை

பழனி என் வீட்டுக் கதவை உடைக்காத குறையாகத் தட்டிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியே பார்த்தேன். இடுப்பில் ஈரத்துண்டு, தலையில் சோப்பு நுரை. நான் எழுந்திருக்கவில்லை. கரடி அப்போதுதான் வாயைத் திறந்திருந்தது.

"ஏனுங் சார், ஆஸ்பத்திரில இருந்து போன் ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"வந்தா கூப்பிடமாட்டனா? ஸ்வல்ப பொறுப்பா, முதல்ல தலையக் கழுவு."

போய்விட்டான். அப்போது மணி எட்டு நாற்பது. விசாரணை அதிகாரியான நீங்கள் நேரத்தை மட்டும் சரியாகக் குறித்துக்கொண்டால் போதும்.

நான் கொர்னேலியஸ், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்தில் போன் இருந்தது என் வீட்டில் மட்டும். ஒன்பது குடும்பங்கள் என் நம்பரை பி.பி. என்று போட்டு ஊரெல்லாம் கொடுத்திருந்தன. போன் வந்தால் நான் ஜன்னலில் நின்று பெயர் சொல்லிக் கூவ வேண்டும். யாருடைய மாமியார் செத்தாலும் எனக்குத்தான் முதலில் தெரியும். இத்தனை வருடத்தில் ஒருவரும் ஒரு வாய் காபி கொடுத்ததில்லை. அது கிடக்கட்டும்.

தொண்ணூற்றொன்பதில் மகன் நீல் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து, இன்டர்நெட்டும் போட்டுத் தந்தான். அலாஸ்காவில் ஓர் அருவி. அங்கே ஒரு கேமரா. அரை நிமிடத்துக்கு ஒரு படம் மாறும். அருவி உச்சியில் ஒரு கரடி நின்று, துள்ளி ஏறும் சால்மன் மீனுக்காக வாயைத் திறந்து காத்திருக்கும். பின்பக்கம் அச்சு அசலாக எங்கள் ஹெட்மாஸ்டர் அய்யாசாமி. அந்தப் பெயரையே வைத்தேன். மரியாதைக் குறைவாக ஒருநாளும் பேசியதில்லை.

இன்டர்நெட் ஓடும்போது போன் வேலை செய்யாது. வெளியிலிருந்து கூப்பிட்டால் எங்கேஜ்டு. இதைச் சந்தில் யாருக்கும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பழனி ராமாபுரத்துக்காரன், கொத்தனார். அவன் மனைவி வடிவுக்கு முந்தின நாள்தான் பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுடையது எளிதில் கிடைக்காத வகை ரத்தம். பழனிக்கும் அதே வகை. ஐந்து வயது மகள் மனிஷாவுக்குச் சோறு கொடுக்க ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்தவன், அவசரமென்றால் கூப்பிடச் சொல்லி ஆஸ்பத்திரியில் என் நம்பரைக் கொடுத்திருந்தான்.

அய்யாசாமிக்கோ இரண்டு நாளாக ஒரு மீன் சிக்கவில்லை. பார்க்கிறவனுக்கும் மனசு கேட்க வேண்டுமல்லவா?

எட்டு ஐம்பத்திரண்டுக்குப் பிடித்தார். நான் கைதட்டினேன்.

ஒன்பது மணிக்குப் பொறுக்கமாட்டாமல் பழனி தானே ஆட்டோ பிடித்து ஓடினான். ரத்தம் எடுக்க அவன் கையில் ஊசி ஏற்றும்போதே வடிவு போய்விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு முறை முயன்றார்களாம். ஆறும் எங்கேஜ்டு.

இன்டர்நெட்டால்தான் லைன் கிடைக்கவில்லை என்பதை நானே பழனியிடம் ஒப்புக்கொண்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஷினு பண்ணுனதுக்கு நீங்க என்னங் சார் பண்ணுவீங்க" என்றான். போன வாரம்கூட என் கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்து வைத்தான். நல்ல பையன்.

இப்போது உங்கள் அறிக்கையைப் பற்றி. அந்த ஆறு அழைப்புக்கும் முன்பே, எட்டேகாலுக்கே, ஒருமுறை லைன் கிடைத்ததாகவும், ஒரு பெரியவர் எடுத்துப் பேசியதாகவும் நர்ஸ் ரூபா சொல்கிறாள். வேலைக்குப் பயந்து பொய் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள்.

எட்டேகாலுக்கு இன்டர்நெட் தானாக அறுந்தது. திரையில் மீன் அந்தரத்தில் நின்றது, அய்யாசாமியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பழனியை உடனே அனுப்பச் சொன்னாள், பாவம், அழுகிற குரல். இதோ அனுப்புகிறேன் என்றேன். ஒரே ஒரு படம் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றுதான் இருந்தேன்.

ரிசீவரை வைத்துவிட்டு, மறுபடி அருவிக்கு டயல் செய்தேன்.