பக்கத்தில் உட்காருவது

கம்போங் ராஜாவிலிருந்து தானா ராத்தா போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். தேயிலைச் சரிவுகளில் பனி இன்னும் எழுந்திருக்கவில்லை.

"கியா பார்ம்ல நீ இறங்கிரு. லாயர நான் மட்டும் பாக்குறேன்."

"ஏங்க, நான் பாக்க அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

"வெளையாடாத லா. தம்பி கடன்ல லோரி வாங்குனப்ப பக்கத்துல உக்காந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் ஓடிட்டான். கோர்ட்டு என்னை முப்லிஸ் ஆக்கப் போவுது. இப்ப நீ என் பக்கத்துல உக்காந்தா உன் பேரையும் எழுதிக்குவாங்க."

முப்லிஸ் என்றால் திவாலானவன். அந்தச் சொல்லை மட்டும் அவர் தணிந்த குரலில் சொன்னார்.

"கையெழுத்துப் போட்டாத்தான் மாட்டுவோம். பக்கத்துல உக்காந்தா ஒட்டிக்க அது என்னா சொறியா?"

"லாயர் சொல்லட்டும். அப்புறம் நம்புறேன்."

"சரி. அவர் சொல்ற வரைக்கும் நான் அங்க உக்காந்துக்கிறேன்."

அவள் எழுந்து எதிர்வரிசைக்குப் போனாள். கியா பார்மில் பஸ் நின்றது, அவள் இறங்கவில்லை. பஸ் மறுபடி கிளம்பியதும் அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"அந்த ஜன்னல் மூடாது. குளிரும். இங்க வா."

"பேர எழுதிக்குவாங்களே?"

"பஸ்ல யாரு எழுதப் போறா. வா."