ஏற்றத்தில் முட்டுக்கொடுத்த வண்டி

விசாரணை அதிகாரி கேட்டதன் பேரில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வதாவது: எனக்கு வயது நாற்பத்தொன்பது. திருமணம் ஆகவில்லை. கண் பரிசோதித்துக் கண்ணாடி செய்து கொடுப்பது தொழில். மலைக் குடியிருப்புகளில் என்னைக் கண்ணாடியக்கா என்பார்கள். விலாசமாக அண்ணி வீட்டைக் கொடுத்திருக்கிறேன். அங்கே எனக்குத் தபால் மட்டும் வரும். நான் குடியிருப்பது என் வண்டியில். பழைய மினிபஸ்ஸின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பின்பாதியில் கட்டிலும் அடுப்பும், முன்பாதியில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரமும் வைத்திருக்கிறேன்.

சம்பவத்தன்று முற்பகல் மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெரிய புதிய கேரவன் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர்தான் இப்போது என் மேல் புகார் கொடுத்திருப்பவர். அவருடைய மனைவி வண்டியின் பின்கட்டிலில் படுத்திருந்தார். இறங்கவில்லை. புகார்தாரர் என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த டப்பா மேல ஏறிடுமா?" என்று சிரித்தார். ஏறும், ஆனால் மெதுவாக ஏறும் என்றேன். தன்னுடையது நூற்றைம்பது குதிரைத்திறன் என்றார். என்னுடையதற்கு அதில் பாதிகூடக் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டேன். அவர் தண்ணீர்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்புவதைப் பார்த்து, "அண்ணே, பாரம் ஜாஸ்தி. ரெண்டாவது கியர்லயே விடுங்க, எஞ்சின் கத்துனா கத்தட்டும்" என்றேன். "கத்த விட்டா எஞ்சின் வீணாப் போயிரும்மா, எனக்கு ஓட்டத் தெரியும்" என்றார். அதன் பின் அவர் முன்னால் கிளம்பினார். நான் பின்னால் கிளம்பினேன்.

அதிகாரி கேட்டதால் இதை விளக்குகிறேன். எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் அந்தக் குதிரைத்திறன் முழுவதும் கிடைக்கும். ஏற்றத்தில் பெரிய கியரைப் போட்டால் எஞ்சின் திணறும், சக்கரத்துக்குப் போகும் இழுவை குறைந்துவிடும். சின்ன கியரில் எஞ்சின் பல சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும், ஆனால் அந்த ஒரு சுற்றில் பலம் இருக்கும். மெக்கானிக்குகள் இதை டார்க் என்பார்கள். என் வண்டிக்குப் பின் அச்சில் பல்சக்கரம் மாற்றியிருக்கிறது. சமதரையில் சைக்கிள்காரர்கூட என்னை முந்துவார். நானும் இரண்டு கிளட்ச் பிளேட்டை எரித்த பிறகுதான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

பாதி மலையில் சாலை செங்குத்தாகும் வளைவுக்கு மேலே அந்த கேரவன் குலுங்கிக் குலுங்கிப் போவதைப் பார்த்தேன். அதன் பின் எஞ்சின் நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் பிரேக் மிதி கல்லாட்டம் இறுகிவிடும். கைப்பிரேக் அத்தனை பாரத்தைத் தாங்கவில்லை. வண்டி பின்னோக்கி நகர ஆரம்பித்தது. வலப்பக்கம் பள்ளம். எனக்குப் பின்னால் ஒரு பால் லாரி. நான் பின்வாங்கியிருந்தால் கேரவன் வேகமெடுத்து என் மேல் விழுந்திருக்கும், அல்லது பள்ளத்தில் போயிருக்கும். ஆகவே முதல் கியர் போட்டு முன்னால் போய், அது வேகம் பிடிப்பதற்குள் என் வண்டியின் மூக்கை அதன் முதுகில் முட்டவைத்தேன். நான் பின்னாலிருந்து வந்து இடித்தேன் என்று புகாரில் இருப்பது உண்மை. அது தெரிந்தே செய்தது. என் முன்கண்ணாடி விரிசல் விட்டது, ரேடியேட்டர் நசுங்கியது. இரண்டு வண்டியும் நின்றன.

அதன் பின் என்னால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. எடுத்திருந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்கும். கேரவனின் பின் ஜன்னல் என் முகத்துக்கு நேரே, ஒரு கை நீளத்தில் இருந்தது. திரையை விலக்கிக்கொண்டு அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். அறுபது வயது இருக்கும். கண்ணாடி மூக்கில் சரிந்திருந்தது. கண்ணாடிச் சட்டம் அவர் முகத்துக்குப் பெரிது என்று எனக்கு அந்த நேரத்திலும் தோன்றியது. புகார்தாரர் முன்கதவு வழியாகக் குதித்துச் சாலையோரம் போய், மனைவியை இறங்கச் சொல்லிக் கத்தினார். பால் லாரிக்காரர் கல் தேடி ஓடினார். அந்த அம்மாள் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. கையை ஜன்னல் கண்ணாடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்திருந்தார். அவர் மூச்சை இழுத்து மெதுவாக விட்டுக் காட்டினார். நானும் அப்படியே செய்தேன். சக்கரங்களுக்கெல்லாம் கல் வைத்து முடியும் வரை நாங்கள் அப்படியே இருந்தோம்.

அதன் பின் இருவரும் இறங்கினோம். கால் மரத்துப்போயிருந்ததால் நான் சாலையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டார். "ஏன்க்கா இறங்கல? உள்ள இருந்தா ஆபத்துன்னு தெரியாதா?" என்றேன். "நீ இறங்க முடியாம இருக்கியே. உன்னைத் தனியா விட்டுட்டு நான் எப்படிம்மா இறங்குறது?" என்றார்.

நான் தனியாக வண்டி ஓட்ட ஆரம்பித்த பிறகு என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். இருந்தாலும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன்.

அதன் பின் மீட்பு வண்டி வந்தது. கேரவனைக் கட்டி இழுத்துக்கொண்டு, கணவன் மனைவி இருவரையும் முன்னால் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. எனக்கான மீட்பு வண்டி சாயங்காலம் வரும் என்றார்கள். அதுவரை ஓரத்திலேயே இருந்தேன். கடந்து போன வண்டிகளில் எதுவும் நிற்கவில்லை.

புகார்தாரர் மேல் எனக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. நான் இடித்ததால்தான் எஞ்சின் நின்றது என்று பயத்தில் அவருக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கலாம். அவர் மனைவியை விசாரித்தால் நடந்ததைச் சொல்வார் என நம்புகிறேன். அவரை எந்த நாளில் அழைக்கிறீர்களோ, அந்த நாளை எனக்கும் தெரிவிக்க வேண்டும். என்னிடம் கேட்க ஒன்றும் இல்லாவிட்டாலும் நான் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன்.

இதுவரை சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நடந்தது இதுதான்.

(கையொப்பம்)