பேக்கப் பாக்கறதுக்கு ஆள் தேவை

…இல்ல தம்பி, நீங்களே சொல்லுங்க. பேக்கப் எடுக்கத்தான் அந்த சாஃப்ட்வேரை வாங்கினோம். அதுவே பேக்கப்பை நிறுத்திடுச்சுன்னா யாரைப் போய்க் கேக்கறது? உக்காருங்க, உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. வேலை கேட்டு வந்திருக்கீங்க, இங்க என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கணுமில்ல.

நம்மது பல் கட்டற லேப். டாக்டருங்க வாயை அளவெடுத்து அனுப்புவாங்க. நாம கம்ப்யூட்டர்ல பல்லை வரைஞ்சு, மிஷின்ல கடைஞ்சு குடுப்போம். வரைஞ்சதெல்லாம் அதோ, அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள இருக்கற ஒரே பெட்டியில. பெட்டி ஒண்ணுதான், ஆனா உள்ள நாலு கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி வேஷம் போடும். விர்ச்சுவல் மிஷின்னு சொல்லுவா. ஒரே வீட்டுல நாலு குடித்தனம் வெச்ச மாதிரி… உங்களுக்குத் தெரியாததா. தினமும் எல்லாரும் கிளம்பினப்புறம் அந்த நாலையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குல நகல் எடுத்து வெக்கணும்.

யார் சொல்லுவாளா? என் மச்சினி. வீட்டுக்காரியோட தங்கச்சி. உங்களுக்கு முன்னாடி இந்த வேலையை அவதான் பாத்தா. கெட்டிக்காரி, அதை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா மறதி. ஒரு தடவை எங்க வீட்டு மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டா. தண்ணி மாடிப்படி வழியா இறங்கி, என் செருப்பைத் தெருவுல கொண்டுபோய் விட்டுச்சு. சரி, அது வேற கதை.

பேக்கப் பாதியில நிக்க ஆரம்பிச்சுது. நாலுல ஒரு மிஷினுக்கு மட்டும். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்களைக் கேட்டா, டீபக் லாக்குன்னு கோளாறு கண்டுபிடிக்கற குறிப்பு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணுங்கன்னாங்க. சாதாரணமா அந்த சாஃப்ட்வேர் 'ஆரம்பிச்சேன், முடிச்சேன்'னு ரெண்டு வரி எழுதி வெக்குமாம். டீபக்கை ஆன் பண்ணிட்டா மூச்சு விட்டதைக்கூட எழுதுமாம். எங்க பெரியம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து பேசற மாதிரி… எழுதறதும் பேக்கப் இருக்கற அதே டிஸ்க்குலதான், விட்டா இடத்தை அடைச்சுடும். அதனால, ஒரு தடவை கோளாறு வரட்டும், எழுதினதை அனுப்புங்க, உடனே ஆஃப் பண்ணிடுங்கன்னு சொன்னாங்க. அவளும் அப்படியே செஞ்சா. கோளாறும் சரியாயிடுச்சு. "ஆஃப் பண்ணிட்டேன் மாமா"ன்னு சொல்லிட்டு, மாமியாருக்கு ஆபரேஷன்னு லீவுல போனா.

எனக்கு மனசு கேக்கல. மோட்டார் ஞாபகம் வந்துடுச்சு. பாஸ்வேர்டு என்கிட்டயும் இருக்கே, முதலாளியாச்சே. கண்ணாடியை மாட்டிக்கிட்டு உக்காந்து, தேடித் தேடி அந்த இடத்தைக் கண்டுபிடிச்சு, என் கையாலயே ஆஃப் பண்ணேன்.

அப்புறம் அந்த சாஃப்ட்வேர்கிட்டேருந்து மெயில் வர ஆரம்பிச்சுது. தினம் ஒண்ணு, சிவப்பு எழுத்துல. அவ வந்து பாத்துக்குவான்னு விட்டுட்டேன். அவ வேலைதானே அது… அவ வர்றதுக்குள்ள பெட்டி படுத்துடுச்சு. சரி, பேக்கப்லேருந்து எடுக்கலாம்னா, டிஸ்க் பூரா அந்த லாக் குறிப்புதான். பேக்கப்புக்கு இடமில்லாம அது எப்பவோ நின்னு போயிருக்கு. அதுக்கப்புறம் வரைஞ்சு வெச்ச பல்லு அத்தனையும் போச்சு. பாவம், ஜனங்க திரும்பப் போய் வாயைத் திறந்து அளவெடுக்கற பசையைக் கடிச்சாங்க. மக கல்யாணத்துக்குப் பல் வேணும்னு முன்கூட்டியே அளவு குடுத்த மனுஷன், போட்டோ பூரா வாயை மூடிக்கிட்டே நின்னாராம்.

டீபக் ஆன்ல இருந்ததுதான் காரணம்னு கம்பெனிக்காரன் சொன்னான். எனக்கு வந்துச்சே கோவம். லேப்ல அத்தனை பேர் முன்னாடி அவளை நிக்க வெச்சுக் கேட்டேன். சொந்தம்னு வேலை குடுத்தது என் தப்புன்னேன். அவ அழல. "நான் ஆஃப் பண்ணிட்டுத்தான் போனேன் மாமா." அவ்வளவுதான். சாவியை மேஜை மேல வெச்சுட்டுப் போயிட்டா. அன்னிலேருந்து வீட்டுக்காரி என்கிட்ட பேசறதில்ல. எதிர்ல நின்னுக்கிட்டே பையனைக் கூப்பிட்டு, "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு"ங்கறா.

என்ன கேட்டீங்க? நான் ஆஃப் பண்ணப்புறமும் எப்படி எழுதிச்சா? அதுக்கு முன்னாடியே எழுதித் தள்ளியிருக்கும், வேறென்ன.

எப்படி ஆஃப் பண்ணேனா… இதென்ன கேள்வி. டீபக் லாக்னு போட்டு, பக்கத்துல ஒரு சின்னக் கட்டம். காலியா இருந்துச்சு. டிக் போட்டேன். வேலை முடிஞ்சா டிக் போடறதுதானே? பல்லு பாலிஷாகி டப்பாவுக்குள்ள போனா, டப்பா மேல டிக்தானே போடறோம்…

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க?

…டிக் போட்டா 'ஆன்'னு அர்த்தமா?

காலியா இருந்தா ஆஃப். அப்ப அவ… கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

ஒண்ணு சொல்லட்டுமா? இதை நீங்க கேக்காமலே இருந்திருக்கலாம். பேசாம தலையாட்டியிருந்தா நாளைக்கே வேலையில சேந்திருப்பீங்க. இனிமே நான் அவளைத்தானே கூப்பிட்டாகணும்… பையை எடுத்துட்டீங்க. ஆமா, உங்களுக்கு முன்னாடியே புரிஞ்சுடுச்சு. எனக்குத்தான் நேரமாச்சு. கேட்டா இந்த வேலை கிடைக்காதுன்னு தெரிஞ்சேதான் கேட்டீங்க, இல்ல?

ஒரு உதவி. போறதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடி ரூமுக்குப் போய் டிக்கை எடுத்துடுங்க. கம்பெனிக்காரன் ஆஃப் பண்ணிட்டுத்தான் போனான். நேத்து எதுக்கும் இருக்கட்டும்னு நான் ஒரு தடவை பாத்தேன்… கட்டம் காலியா இருந்துச்சு.

யாருப்பா அங்க, பாலிஷ் மிஷினை நிறுத்துங்க. எல்லாரும் இப்படி வாங்க. இல்ல, யாரையும் திட்டறதுக்கில்ல. அன்னிக்கு நின்ன மாதிரியே நில்லுங்க. போனை ஸ்பீக்கர்ல போடறேன்…

பாப்பா… மாமா பேசறேன். வெச்சுடாதே. லேப்ல எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க… ஆன் பண்ணது நான்தாம்மா.