இயந்திரத்தை நிறுத்தாமல் நாடி பார்த்தவருக்கு

ஓயாத கால்களும் சாயாத நேர்மையும் ஒருங்கே வாய்ந்த அம்மையீர்! அளக்க அஞ்சாத, அளந்ததை மறைக்காத, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தலைமைப் பொறியாளரே! முதலில் தயவுசெய்து உட்காருங்கள். மேடையில் ஏற்றிய பிறகும் உங்கள் கண் இயந்திர அறைக் கதவிலேயே இருக்கிறது. அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

இந்தப் பயணச்சீட்டு முன்பதிவு மையத்தில் நீங்கள் இருப்புக்கொண்டு அமர்ந்த நாள் உண்டா? காலில் சக்கரம் கட்டியவர்போல் சுற்றி வந்து, "ஓடுதுன்னு சொல்லாதீங்க, எப்படி ஓடுதுன்னு சொல்லுங்க!" என்று எங்களை விரட்டினீர்கள். உங்களிடம் திட்டு வாங்காதவர் இவ்வரங்கில் எவரேனும் இருந்தால் அவர் இன்று காலை வேலைக்குச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கணினி திணறிய அந்த வாரத்தை மறப்போமா! கவுன்டர் வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்று கத்தியது. அன்றைய மேலாளர் ஓர் ஆபரேட்டரைக் கைகாட்டி, "இவர் கை பட்டாலே மிஷின் படுத்துடுது, வீட்டுக்கு அனுப்புங்க" என்றார். வேலைநீக்க ஆணையும் தயாரானது. வேகத்தை அளக்க அந்த வாரத் தொடக்கத்திலிருந்தே ஒரு நிரலை ஓட்டி வந்தோம், அதிலும் காரணம் சிக்கவில்லை. மேலாளர் சொல்ல, இன்னும் அடிக்கடி ஓட்டினோம். கணினி இன்னும் திணறியது.

"அளக்கறேன்னு அது தலைமேலயே ஏறி உக்காந்தா, அது எப்படிங்க நடக்கும்?" என்று சீறினீர்கள். ஒவ்வொரு கட்டளையையும் நுண்படிகளாகப் பிரித்து நடத்தும் மைக்ரோகோடுக்குள்ளேயே இறங்கினீர்கள். எந்த நிரல் எவ்வளவு நேரம் தின்கிறது என்று எண்ணும் சின்னஞ்சிறு படி ஒன்றை அங்கே நுழைத்தீர்கள். ஓடிய வேலை ஓடியபடியே இருந்தது. கவுன்டரில் ஒருவருக்கும் தெரியவில்லை. கணக்கு வந்தபோது, நேரத்தையெல்லாம் தின்றது எங்கள் அளக்கும் நிரலேதான். வேலியே பயிரை மேய்ந்திருந்தது!

மேலாளர் அறைக்குப் போனீர்கள். "தப்பு ஆள்கிட்ட இல்ல சார், நாம அளந்த விதத்துல. ஆர்டரைக் கிழிங்க" என்றீர்கள். அவர் மழுப்பினார், அதட்டினார், தொலைபேசியை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார். கிழிக்கும்வரை நீங்கள் நகரவில்லை. நீங்கள் ஓரிடத்தில் அசையாமல் நின்று நாங்கள் பார்த்தது அன்று மட்டும்தான்.

நோய் அண்டாத உடலும் நிறைந்த மனமும் பெற்று, நெடுங்காலம் வாழ்க நீங்கள்! ஓய்வு உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்றுதான் எங்களுக்குக் கவலை. வீட்டாரை அளக்கத் தொடங்கிவிடாதீர்கள், அவர்கள் பாவம்.

இம்மடலை வாசிக்க நல்ல குரல் படைத்தோர் பலர் முன்வந்தனர். ஒருவர் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குரல் எங்கேனும் தழுதழுத்திருந்தால் பொறுத்தருளுங்கள், அம்மா. வாசிப்பவர் அந்த ஆபரேட்டர்.

பிரிய மனமின்றி விடைதரும்
கணினிப் பிரிவுப் பணியாளர்கள்