கார்வெலின் உடைந்த கை

மழை பெய்தால் எங்கள் சினிமா வட்டத்துக்கு ஆட்கள் கூடுதலாக வருவார்கள். லண்டன் வெம்பிளியில் ஒரு மண்டபத்தின் மாடி. ஞாயிறு மாலை தேநீர், ஒரு ஊமைப்படம், பிறகு என் பேச்சு. நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, கண் பரிசோதகராகி, இங்கேயே தங்கிவிட்டவன். பிழைப்புக்குக் கண்கள், வாழ்வதற்கு ஹாலிவுட்டின் முதல் முப்பது வருடங்கள்.

குறிப்பாக, இயக்குநர் எட்மண்ட் கார்வெல். 1926இல் அவர் ஒரு வெள்ளக் காட்சி எடுத்தபோது தண்ணீர்த் தொட்டி உடைந்து, துணை நடிகர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். கார்வெல் கோட்டோடு குதித்து மூன்று பேரைக் கரைசேர்த்தார், கை உடைந்தது. கட்டுப் போட்ட கையோடு அவர் நிற்கும் புகைப்படம்தான் என் புத்தகத்தின் அட்டை. பதினொரு வருட உழைப்பு. ஏப்ரலில் வெளிவர இருந்தது.

பிப்ரவரியில் மேரிசாந்தி வட்டத்தில் சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். முதியவர்களை வீட்டில் பராமரிக்கும் வேலை, இரவு ஷிப்ட். அவர் பார்த்துக்கொண்ட ஆங்கிலேய மூதாட்டி ஒருவர் இறக்கும் முன் பழைய பிலிம் சுருள் இருந்த ஒரு தகர டப்பாவைக் கொடுத்திருந்தார். அந்த மூதாட்டியின் பெரியம்மா இறந்த ஐவரில் ஒருவர்.

"அண்ணை, இது உங்கட கார்வெல்ட படமாம். ஒருக்கா பாருங்கோ."

கோலியர்ஸ் வுட்டில், அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிலிமைப் பிடித்து, என் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். படப்பிடிப்பையே யாரோ பக்கத்தில் நின்று எடுத்த படம் அது. வெள்ளம் வருகிறது. ஆட்கள் கையை உயர்த்துகிறார்கள். கார்வெல் நாற்காலியில் அமர்ந்தபடி, நிறுத்தாதே என்று கேமராக்காரனுக்குச் சைகை காட்டுகிறார். சுருளின் கடைசியில், சப்பாத்துக்கூட நனையாத கார்வெலின் கையில் ஒருவன் கட்டுச் சுற்றுகிறான். கார்வெல் சிரிக்கிறார்.

"இந்தாள் குதிக்கவேயில்லை, அண்ணை."

"ஒரு சுருளை வச்சு அப்படிச் சொல்லிட முடியாதுங்க."

"இதை நாலு பேருக்குக் காட்டச் சொல்லி அந்த அம்மா சாகேக்க கேட்டவ. செத்த ஆக்களுக்கும் பேர் இருக்குந்தானே? செவ்வாய்க்கிழமை பிலிம் காப்பகத்துக்குக் கொண்டு போறன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். கோபக்காரர்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட்டால் ஆனது. இந்தச் சுருள் கெட்டுப்போய், அங்கங்கே ஒட்டிக்கொண்டு, பழுப்புப் பொடியை உதிர்த்தது. அந்த நிலையில் சூடு பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். தண்ணீருக்கும் அணையாது. புகை நஞ்சு. இதையெல்லாம் என் நான்காம் அத்தியாயத்தில் விரிவாக எழுதியிருக்கிறேன். மேரிசாந்தி அதைப் படித்திருக்க வழியில்லை, புத்தகம் வரவில்லையே.

அன்று மாலை அவருக்குச் செய்தி அனுப்பினேன். ஈரம் இருந்தால் காப்பகத்தில் எடுக்க மாட்டார்கள், சுடுதண்ணீர் டாங்க் இருக்கும் அலமாரிக்குள் துணியில் சுற்றி வையுங்கள் என்று.

"என்ட படுக்கையறைக்குள்ள இருக்கிற அலுமாரிதானே அண்ணை?"

"ஆமா, அதுதான்."

கும்பிடும் கை எமோஜி ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினார். மரியாதையான பெண்.

இரவு ஷிப்ட் முடிந்து வருபவர்கள் பகலில் தூங்குவார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

திங்கட்கிழமை மதியம் வீடு எரிந்தது. விபத்து என்றார்கள். நான் மறுக்கவில்லை, நிபுணர்கள் பேசும்போது குறுக்கிடுவது என் பழக்கமல்ல.

மேரிசாந்தியின் நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். மேரிசாந்தி வெளியே வந்துவிட்டார் என்றும், சுருள் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்ததும் திரும்பப் புகைக்குள் ஓடினார் என்றும் சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மண்டபமே அழுதது. அவருடைய மகள் கௌசி, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையாவா அங்கிள்? அம்மா திரும்பி உள்ளே போனவவா?"

"ஆமாம்மா. சினிமாவுக்காக உயிரைக் கொடுத்தவங்க."

அந்த வாரத்தில் அவள் முகம் தெளிந்தது அப்போதுதான். புத்தகத்தை மேரிசாந்திக்கே சமர்ப்பித்தேன். கார்வெலைப் போன்ற துணிவு என்று ஒரு வரியும் சேர்த்தேன். ஒரு பிரதியைக் கௌசிக்கு நானே கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

அவள் நான்காம் அத்தியாயம்வரை படித்துவிட்டாள். பிறகு தாயின் எண்ணைப் புதிய போனில் ஏற்றி, என் செய்திகளைக் கண்டெடுத்து, காவல் நிலையத்தில் உங்களிடம் கொடுத்திருக்கிறாள். கவனமான வாசகி.

ஆமாம், தெரிந்துதான் அனுப்பினேன். அந்தச் சுருள் எரியும் என்றும், அவர் அதன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பார் என்றும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: மேரிசாந்தி கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று நீங்கள் கண்டறிந்ததைக் கௌசியிடம் சொல்லாதீர்கள். அம்மா புகைக்குள் ஓடினாள் என்றே அவள் நம்பட்டும். ஒரு பிள்ளையிடமிருந்து அதையும் பறிக்கும் அளவுக்கு நான் கொடியவன் அல்ல.