கம்பெனி மாறிய பயில்வான்

மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். "இனிமே அவன் பேரையே அவன் சொல்லிக்கக் கூடாதாம் மச்சான்" என்றார் ஒல்லியானவர். நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

டீவி குஸ்தியில் வரும் தாடிக்காரப் பயில்வான் வேறு கம்பெனிக்குப் போய்விட்டானாம்.

"பேரு பழைய கம்பெனிக்குச் சொந்தம். நடந்து வரும்போது போடுற பாட்டும் அவங்களோடது. புது இடத்துல இவனை எவனுக்குத் தெரியும்? செத்தான்."

சன்னலோரம் இருந்தவர் திரும்பினார். "பழைய இடத்துல மட்டும் என்ன வாழ்ந்தான்? தோக்கச் சொன்னாங்க, தோத்தான். ஆளைத் தலைக்கு மேல சுத்திப் போடுறானே, அது யாரோடது?"

"நாளைக்கு ஹோட்டல் மாறுறல்ல, அதான் அவனுக்கு வக்காலத்து வாங்குற."

"ஆமா. முதலாளி மச்சினன் வந்ததும் என்னைப் புரோட்டாக் கல்லுல இருந்து எடுத்து, பின்னாடி மாவு பிசைய விட்டாங்க. நானும் தோத்தேன்."

கம்பியைப் பிடித்து நின்ற மலையாளப் பெண் குனிந்து அவரைப் பார்த்து, இப்போதெல்லாம் கடையில் காணோமே என்று விசாரித்தார்.

"சேட்டா, பொறோட்டா வீசுன்ன சேட்டனல்லே? இப்போ கடையில் காணுன்னில்லல்லோ. எவிடெயா?"

அவர் எழுந்தே விட்டார். "நாளை முதல் தோப்பும்படி சேச்சி! வாசல்ல, புரோட்டாக் கல்லுலதான் நிப்பேன்!"

தோப்பும்படியில் அவர் நெஞ்சை நிமிர்த்தி இறங்கினார். பின்னால் போன ஒல்லியானவர் அந்தப் பயில்வானின் பாட்டை வாயாலேயே வாசித்துக்கொண்டு போனார்.